பாலம் கண்ட வணிகர்

பொருள் தேடிப் பிற நாடு செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. நிலவழியே வண்டிகளையும் பொதிமாடுகளையும் நடத்திச் சென்ற வணிகக் கூட்டத்தைச் சாத்து என்றும், அதன் தலைவரை மாசாத்துவான் என்றும் நம் முன்னோர் வழங்கினர். கடல்வழியே கலம் செலுத்தியவர் மாநாய்கன் எனப்பட்டார். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை முன்னவர். கண்ணகியின் தந்தை பின்னவர். இல்லறத்தான் பொருளீட்டும் பொருட்டுத் தன் மனையாளைப் பிரிந்து செல்லுதலைப் பொருள்வயிற் பிரிவு எனத் தனியே பெயரிட்டு இலக்கணம் வகுத்த நாடு இது.

நம்மவர் பிற நாடு சென்றது போலவே, பிற நாட்டார் பலர் நம் கரைக்கு வந்தனர். யவனர் வந்தனர், அராபியர் வந்தனர், சீனர் வந்தனர். பிற்காலத்தில் ஐரோப்பியர் வந்தனர். வந்தவருள் பெரும்பாலோர் வாங்கினர், விற்றனர், ஊதியத்தை மூட்டை கட்டிக்கொண்டு சென்றனர். ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை ஈட்டிய மண்ணுக்கே திரும்ப அளித்தவர் மிகச் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர்.

அர்மீனியா, காக்கசு மலைப் பகுதியில் உள்ள ஒரு சிறு நாடு. அப்பகுதியில் ஆரஸ் ஆற்றங்கரையில் ஜூல்பா என்னும் அர்மீனிய வணிகநகர் இருந்தது. பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், துருக்கியரோடு போரிட்ட காலத்தில், 1604-1605ஆம் ஆண்டுகளில் அந்நகர மக்களைக் கூட்டமாகப் பெயர்த்தெடுத்துத் தம் தலைநகராகிய இஸ்பகானுக்கு அருகே குடியேற்றினார். பிறந்த மண்ணை இழந்த அம்மக்கள் புதிய குடியிருப்புக்கும் புதிய ஜூல்பா என்று பழைய ஊரின் பெயரையே சூட்டிக்கொண்டனர். பாரசீகப் பட்டு வாணிகம் அவர்கள் கையில் வளர்ந்தது. மேற்கே வெனிசு, ஆம்ஸ்டர்டாம் முதல் கிழக்கே மணிலா வரையில் அவர்தம் கால்படாத துறைமுகம் இல்லை எனலாம்.

அவர்கள் பயணம் செய்த முறை அறியத்தக்கது. செல்வர் ஒருவர் ஊரில் இருந்தபடியே முதலைக் கொடுப்பார். இளைஞர் ஒருவர் அம்முதலைக் கொண்டு நாடு நாடாகச் செல்வார். எங்கே எதனை என்ன விலைக்கு வாங்கினார், எங்கே விற்றார், சுங்கம் யாது, சுமைகூலி யாது என்பவற்றை யெல்லாம் கணக்கேட்டில் எழுதி வருதல் அவர் கடமை. ஆண்டுகள் பல கழிந்து அவர் மீளும் வரையில் அவருடைய மனைவி மக்கள் ஜூல்பாவிலேயே இருப்பர். கணக்கு நேர்மையாக ஒப்புவிக்கப்பட்ட பின்னரே ஊதியம் பங்கிடப்படும். நம்பிக்கை ஒன்றே அவ்வாணிகத்தின் அச்சாணி. ஒருமுறை பொய்க் கணக்குக் காட்டியவர் பின்னர் எவரிடமும் முதல் பெறுதல் அரிது.

இத்தகைய ஊரில், 1680ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் உஸ்கான். கோஜா என்பது பாரசீக வழக்கில் செல்வமும் மதிப்பும் உடைய வணிகரைக் குறிக்கும் அடைமொழி. பெயரின் பகுதி அன்று. அவர் 1720ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சென்னையில் வந்து தங்கினார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

அர்மீனியர்க்குச் சென்னை அதற்கு முன்பே அறிமுகமான ஊர். 1688ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அர்மீனிய வணிகருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். கம்பெனியின் ஊர்களில் தங்கி வாணிகம் செய்யும் உரிமையும், தம் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றும் உரிமையும் அதனால் அவர்கட்குக் கிடைத்தன. சென்னையில் அவர்கள் வாழ்ந்த தெருவை ஆங்கிலேயர் அர்மீனியன் தெரு என்றனர். அச்சொல்லைக் கேட்ட நம் மக்கள், தமக்குத் தெரிந்த சொல்லாக்கி அரண்மனைக்காரன் தெரு என்று வழங்கலாயினர். அரண்மனை எதுவும் இல்லாத தெருவுக்கு அரண்மனைக்காரன் வந்த கதை இதுதான்.

உஸ்கானின் செல்வத்துக்கு ஊற்றாக இருந்தது மணிலா வாணிகம். மணிலா அக்காலத்தில் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலக் கப்பல்கள் அங்கே வாணிகம் செய்ய அவர்கள் இசையவில்லை. ஆசிய வணிகரையும் அர்மீனியரையும் தடுக்கவில்லை. ஆகவே, சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் அர்மீனியர் பெயரால் மணிலாவுக்குச் சென்றன. அங்கிருந்து ஸ்பானியரின் பெருங்கப்பல்கள் அவற்றைப் பசிபிக் மாகடலைக் கடந்து மெக்சிகோ நாட்டுக்குக் கொண்டு சென்றன. மாற்றாக வெள்ளி வந்தது. நம் நெசவாளர் தறியில் நெய்த ஆடையை மெக்சிகோவில் ஒருவர் உடுத்தினார் என்றால், அதற்கு இடையே நின்ற கைகளுள் ஒன்று அர்மீனிய வணிகரின் கை.

அக்காலக் கடற்பயணம் காற்றின் தயவில் நடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கிழக்கே செல்லுதலும், வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தபின் மேற்கே மீளுதலும் மாலுமிகளின் வழக்கம். சென்னையிலோ கப்பல் அணையத்தக்க துறைமுகமே கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மனிதரும் பொதிகளும் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளில் மூழ்கியும் எழுந்தும் கரை சேர வேண்டும். கரை சேர்ந்த பின்னும் இடர் தீர்ந்தபாடில்லை. சரக்கு உள்நாட்டிலிருந்து வரவேண்டுமே! அதற்கு வழி வேண்டும். தெற்கே செல்லும் வழியில் குறுக்கே கிடந்தது அடையாறு.

அடையாறு பேராறு அன்று. தாம்பரத்துக்குத் தெற்கே, ஆதனூர் ஏரியின் அருகே தோன்றி, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாக ஓடிச் சைதாப்பேட்டையைத் தொட்டுக் கடலில் கலக்கும் சிற்றாறு. செம்பரம்பாக்கம் ஏரியின் மிகுநீரும் இதில் வந்து சேரும். கோடையில் இதனைக் கண்டவர், இதற்கு ஒரு பாலமா என்று நகைப்பர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கண்டவர் நகையார். ஏரிகள் நிரம்பிக் கடைதிறந்தால், ஓரிரவில் ஆறு தன் இரு கரையும் மீறி வரும். அந்நாளில் தென்கரையில் இருந்த உழவர், காய்கறி விற்போர், பரங்கிமலைக்குச் செல்லும் யாத்திரிகர், செங்கற்பட்டிலிருந்து வரும் வண்டிக்காரர் யாவரும் நீர் வடியும்வரை காத்துக் கிடக்க நேரும். காத்திராதவர் உயிரைப் பணயம் வைத்து இறங்குவர். படகில் ஏறுவதற்குக் கையில் காசு வேண்டும்.

உஸ்கான் இவ்வழியே பரங்கிமலைக்குச் சென்று வந்தார். அவர் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தவர். இயேசுவின் சீடராகிய புனித தோமையார் அம்மலையில் உயிர் நீத்தார் என்பது கிறித்தவர் மரபு. 1523ஆம் ஆண்டில் போர்த்துகேசியர் மலையுச்சியில் ஒரு கோயில் எழுப்பினர். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள அக்குன்றின்மேல் முதியோரும் நோயுற்றோரும் ஏறுதல் எளிதன்று. ஆற்றைக் கடத்தலும் துன்பம். மலையில் ஏறுதலும் துன்பம். இவ்விரண்டையும் நீக்க உஸ்கான் முற்பட்டார்.

அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டைக்கும் சின்னமலைக்கும் இடையே அவர் கட்டிய பாலம் 1726ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதற்கு அவர் தம் கைப்பொருளிலிருந்து 30,000 வராகன் செலவிட்டார் என்பர். கம்பெனி அரசு கட்ட வேண்டிய பாலத்தைத் தனிவணிகர் ஒருவர் கட்டினார். பாலத்தில் பல அளவுகளில் 29 வளைவுகள் இருந்தன; நீண்டு, குறுகி, ஆற்றின்மேல் படுத்த பாம்பு போன்று அது கிடந்தது. அருகிலிருந்த மாம்பலம் என்ற ஊரின் பெயரால் அது வழங்கிற்று. மாம்பலம் ஆங்கிலேயர் நாவிற்பட்டு மர்மலாங் ஆயிற்று. தமிழ்ப் பெயர்கள் அவர்கள் வாயிற்பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு சான்று. பரங்கிமலையின்மேல் ஏறுவதற்குக் கற்படிகளும் அவராலேயே அமைந்தன. அவற்றை நூற்றறுபது என எண்ணிக் கூறுவர்.

பாலத்தருகே கல்வெட்டு ஒன்றும் பொறிக்கப்பட்டது. அது பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் என்னும் மூன்று மொழிகளில் அமைந்தது. பாரசீகம் அன்றைய நவாபு அரசின் மொழி. இலத்தீன் ஐரோப்பியக் கற்றோரின் மொழி. அர்மீனியம் அவருடைய தாய்மொழி. பாலத்தின்மேல் நாள்தோறும் நடந்த மக்களிற் பெரும்பாலோர் பேசிய தமிழுக்கு அக்கல்லில் இடம் இல்லை. இது குறையே. எனினும், கல்லைப் படிக்க இயலாதவரும் பாலத்தின்மேல் நடக்க இயன்றது.

இனி, உஸ்கானின் செயல்களுள் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்று உண்டு. பாலத்தைக் கட்டி முடித்ததோடு அவர் அமையவில்லை. அதனைப் பழுது பார்த்துப் பேணுவதற்கென்று 1,500 வராகனைத் தனியே ஒதுக்கி வைத்தார். கட்டிய செலவில் இது இருபதில் ஒரு பங்கு. தொகை சிறிதாயினும் அதில் அடங்கிய அறிவு சிறிதன்று. பாலம் கட்டுவோர்க்குப் புகழ் உண்டு; திறப்பு விழா உண்டு; பெயர் பொறித்த கல் உண்டு. பத்தாண்டு கழித்து விரிசலை அடைப்போர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆகையால் கட்டுவதற்குக் கிடைக்கும் பொருள் காப்பதற்குக் கிடைப்பதில்லை. வெள்ளம் ஒவ்வோர் ஆண்டும் வரும், சுண்ணாம்பு உதிரும், தூணின் அடியில் மணல் அரிக்கும். இதனை முன்னரே கண்டு, தமக்குப் பின் வருவோர்க்கும் அப்பாலம் பயன்பட வேண்டும் என்று பொருள் வைத்தவர் அவர்.

இவ்வழக்கம் நம் நாட்டாருக்கு அயலானதன்று. கோயிலில் நந்தா விளக்கு எரிப்பதற்கு ஆடுகளைக் கொடுத்த சோழர் காலத்தார், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாகாதோ, மூப்படையாதோ எனின், ஒன்று இறந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும்; மந்தையின் எண்ணிக்கை குறையாது; விளக்கும் அணையாது. ஏரியைத் தூர் வாரிக் கரையைப் பேணுவதற்கு ஏரிப்பட்டி என்று இறையிலி நிலம் விட்டனர். தாம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை, ஏரி வாரியம் என ஏரியைக் காக்கும் குழுவையே குறிப்பிடுகின்றன. 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த ஆணையம் ஒன்று, இன்றைய தேவையை நிறைவேற்றும்போது பின்வரும் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராத வளர்ச்சியே நிலைத்த வளர்ச்சி என்று விளக்கம் தந்தது. சொல் புதிது. பொருளைச் சாவா மூவா ஆடு மேய்த்தவர் அறிந்திருந்தனர். அடையாற்றுப் பாலத்துக்கு நிதி வைத்த அயல்நாட்டு வணிகரும் அறிந்திருந்தார்.

உஸ்கான் வேப்பேரியிலும் அன்னை மரியின் பெயரால் ஒரு சிறு கோயில் கட்டினார். அவருடைய கொடைகளால் சென்னையில் அவர் பெயர் ஓங்கிற்று. முதுமையில் அமைதியாகக் கழியவேண்டிய அவர் வாழ்வில் அப்பொழுதுதான் பெருஞ்சோதனை வந்தது.

1746ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லாபூர்தொனே என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சென்னையைத் தாக்கிக் கைப்பற்றினார். புனித ஜார்ஜ் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. புதுச்சேரி ஆளுநராக இருந்த டூப்ளே, சென்னையின் வாணிகம் முழுவதையும் புதுச்சேரிக்குத் திருப்ப விரும்பினார். அதற்குக் கட்டடங்கள் போதா, வணிகர் வேண்டும். சென்னைச் செல்வருள் முன்னணியில் நின்ற உஸ்கானின் பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. சென்னையைத் துறந்து புதுச்சேரியில் வந்து குடியேறினால் அவற்றைத் திரும்பத் தருவதாக டூப்ளே தெரிவித்தார்.

அப்பொழுது உஸ்கானுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். இழந்த பொருளை மீண்டும் ஈட்டுதற்கு ஏற்ற பருவம் அன்று அது. பயணம் செய்தே பழகிய வணிகர்க்குச் சென்னையிலிருந்து புதுச்சேரி எம்மாத்திரம்? ஏறத்தாழ நூறு மைல்! பாரசீகத்திலிருந்து புறப்பட்டவர்க்கு அது ஒரு தொலைவே அன்று. அவர் ஆங்கிலேயரும் அல்லர், பிரெஞ்சுக்காரரும் அல்லர், இரு திறத்தார் போரிலும் அவருக்கு உறவு இல்லை. சமயத்தால் நோக்கினாலோ, பிரெஞ்சுக்காரரே அவருக்கு அணியவர். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவரும் இரார்.

அவர் மறுத்துவிட்டார். இருபது ஆண்டுக்கு மேல் தம்மை ஏற்று வாழவைத்த ஊரை, அது வீழ்ந்த நாளில் விட்டு நீங்க அவர் உடன்படவில்லை. பொருள் போனது போனதாகவே இருந்தது. கணக்கேட்டில் ஒவ்வொரு காசையும் எழுதிப் பழகிய குலத்தில் பிறந்தவர், தம் வாழ்நாளின் மிகப் பெரிய இழப்பைத் தாமே தெரிந்தெடுத்தார்.

ஐரோப்பாவில் 1748ஆம் ஆண்டில் ஏற்பட்ட எய்லா சப்பேல் உடன்படிக்கையின்படி, 1749ஆம் ஆண்டில் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மீண்டு வந்த கம்பெனியாரின் போக்கு போற்றத்தக்கதாக இல்லை. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரர்க்குத் துணை நின்றனர் என ஐயுற்று, அவர்களும் அர்மீனியரும் கோட்டைக்குள் அமைந்த வெள்ளையர் நகரில் வீடு வைத்திருத்தலைத் தடுக்கலாயினர். ஊருக்காகத் தம் செல்வத்தை இழந்தவரின் இனத்தாரையும் அந்த ஐயம் விடவில்லை. அரசியலில் நன்றி என்பது நெடுநாள் நிற்பதில்லை.

1751ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் நாள், எழுபது வயதளவில், உஸ்கான் சென்னையிலேயே காலமானார். வேப்பேரியில் தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இதயம் மட்டும், அவர் விருப்பப்படி, பொற்பேழை ஒன்றில் வைத்துப் பிறந்த ஊராகிய ஜூல்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்று கூறுவர். அவர் இறந்த மறு ஆண்டிலேயே கம்பெனியார் அவ்வேப்பேரிக் கோயிலைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துப் புராட்டஸ்டண்டு சமயத் தொண்டரிடம் அளித்தனர். பிற்காலத்தில் புனித மத்தியாஸ் ஆலயம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில் அவர் கல்லறை உள்ளது.

பாலமோ அவரைக் கடந்து நெடுங்காலம் வாழ்ந்தது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுக்குப் பின் சென்னைக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர், பரங்கிமலைக்கு அருகிலுள்ள அர்மீனியப் பாலம் என்று அதனை வரைந்து வெளியிட்டனர். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் படை முகாம்கள் எழுந்தன. தெற்கே திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலை வளர்ந்தது. படையும் பண்டமும் அப்பாலத்தின் வழியே சென்றன. 1931ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. மீனம்பாக்கத்தில் வானூர்தி நிலையம் அமைந்தது. 1984ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஏற்றுமதிப் பொருள்களை உருவாக்கும் தொழில் மண்டலம் தோன்றிற்று. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பொருள் தேடி வானூர்தியில் வந்திறங்கும் வணிகர், நகருக்குள் செல்லுதற்கு அடையாற்றைக் கடந்தே ஆக வேண்டும். அவருக்குக் காற்றின் திசையை நோக்கிக் காத்திருக்கும் தொல்லை இல்லை; மணிலாவுக்கு ஒரு பகலில் சென்றடைவார். ஆனால் வானூர்தி எரிக்கும் எண்ணெயின் புகை வானில் தங்கி உலகின் வெப்பத்தைப் பெருக்குகிறது. பாய்மரம் விரித்துச் சென்றவரிடம் இல்லாத கடன் இது. பயணத்தால் பெற்ற ஊதியத்தில் ஒரு பங்கை வழிக்கே திருப்பித் தரவேண்டிய பொறுப்பு முன்னையினும் இன்று மிகுந்திருக்கிறது.

போக்குவரத்துப் பெருகியதால் பழைய பாலத்தின் குறுகிய வளைவுகள் போதாவாயின. இருநூற்று நாற்பது ஆண்டு கழித்து, 1966ஆம் ஆண்டில், அதன் இடத்தில் அகன்ற புதிய பாலம் எழுந்தது. 1911ஆம் ஆண்டு முதல் 1950இல் மறையும் வரையில் பல்லாவரத்தில் வாழ்ந்து தமிழ் வளர்த்த மறைமலையடிகளின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாறு அப்புதிய பாலத்தின் மேலும் ஏறிற்று, போக்குவரத்து நின்றது. ஆற்றின் கரையில் வீடு கட்டியோரும், ஏரிகளைத் தூர்த்தோரும் அன்று அடையாற்றின் பழைய அகலத்தை அறிந்தனர். உஸ்கானின் மும்மொழிக் கல்வெட்டு, அது நின்ற பாலம் மறைந்த பின்னும் சாலையோரத்தில் எஞ்சி நின்றது. சாலையின் மட்டம் உயர உயர, அதன் எழுத்துகள் தேய்ந்து, நின்று படிப்பார் அரியராயினர்.